ஓரகத்தியும் நானும் ஓர் ஆய்வகமும்

9 ஜூன் 2025, திங்கள்

கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்த இயற்பியல் ஆய்வகத்தை இன்று திறந்தேன். மேசை, ஸ்டூல், அலமாரி எல்லாவற்றிலும் நிலக்கரிச் சுரங்கத் தூசி. விரலால் பெயர் எழுதலாம். ஸ்பெக்ட்ரோமீட்டர்களுக்குப் போர்த்தியிருந்த துணியை உதறியதிலேயே தும்மல் பிடித்துக்கொண்டது. வைத்திலிங்கம் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இந்த வருஷத்தோட எனக்கும் இந்தத் தூசிக்கும் இருந்த உறவு முடிஞ்சிது அன்பு" என்றார். நவம்பரில் அவர் ஓய்வு பெறுகிறார். அவர் உட்கார்ந்திருப்பது நிரந்தர டெக்னீஷியன் இடம். நான் ஆறு வருஷமாக அதே அறையில் காண்ட்ராக்ட் டெக்னீஷியன்.

பர்மனென்ட். இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊர் வடக்குத்தில் என்ன மரியாதை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட். என் வீட்டுக்காரர் குமரவேல் அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அந்தச் சொல் இதுவரை யார் பெயரோடும் ஒட்டவில்லை. முதலில் என் பெயரோடு ஒட்டட்டும். அவ்வளவுதான் ஆசை.

12 ஜூன்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே மாமியார் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"பவித்ரா வூட்டுலயே குந்திகினு இருக்குது. படிச்ச புள்ள. உங்க காலேஜில ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்."

பவித்ரா என் ஓரகத்தி. தையில்தான் கொழுந்தனுக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளும் பி.எஸ்.சி. இயற்பியல். உலகத்தில் வேறு பாடமே இல்லையா?

துறைத்தலைவர் அம்சவல்லி மேடத்திடம் கேட்டேன். பயிற்சிக்கு ஒருத்தர் வேண்டும்தான், வரச் சொல் என்றுவிட்டார். இல்லை என்று சொல்வார் என்று நம்பித்தானே கேட்டேன்!

23 ஜூன், திங்கள்

ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதிரி இரண்டு டிபன் பாக்ஸ், ஒரே பஸ் (ஜன்னலோரம் அவளுக்குத்தான் வேண்டுமாம்), ஒரே ஆய்வகம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது நான்தான். யாரைக் குறை சொல்ல?

மேடம் அவளைப் பத்து நிமிஷம் பார்த்தார். "பொண்ணு துறுதுறுன்னு இருக்கா, அன்பு. எங்க புடிச்ச?" என்றார். என் பெயர் மேடத்தின் வாயில் வருவதற்கு ஒரு வருஷம் ஆனது. அதுவரை நான் "ஏம்மா, இங்க வா".

3 ஜூலை

நியூட்டன் வளையம் சோதனைக்குச் சாமான்களை அடுக்கி வைத்தோம். சோடியம் விளக்கைப் போட்டு, அது சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வரும்வரை காத்திருந்து, மைக்ராஸ்கோப்பைக் கீழே இறக்கி மெல்ல ஏற்றி, வளையத்தைப் பிடிக்க வேண்டும். எனக்கு முதல் வளையம் கிடைத்தபோது கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். இவள் குனிந்தாள். திருகினாள். "அக்கா, வந்துடுச்சு! கோலம் மாதிரி இருக்கு!" என்று குதித்தாள்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். கறுப்பும் மஞ்சளுமாகச் சுத்தமான வளையங்கள்.

"பரவால்ல" என்றேன்.

சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "மூணாவது வருஷம் பூரா கொரோனா, அக்கா. பிராக்டிகல் எல்லாம் ஆன்லைன்லதான். சார் வீடியோல தொடுவாரு, நாங்க பாப்போம். ப்ரிசம், கிரேட்டிங் எதையுமே நான் கையால தொட்டதில்ல."

எனக்கு வயிற்றில் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

10 ஜூலை

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கேட்டால் சொல்வேன். கேட்காததைத் தேடிப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆறு வருஷமாகக் கண் எரிய எரியக் கற்றுக்கொண்டதை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள் என்பதற்காக மடியில் கொட்டிவிட முடியுமா?

22 ஜூலை

ஆடிக்காற்று. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகத் தூசி வந்துவிடுகிறது. தினமும் காலையில் லென்ஸ், ப்ரிசம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பதே முதல் வேலை. பவித்ரா பாட்டு பாடிக்கொண்டே துடைக்கிறாள். பாட்டு சுமார்தான். துடைப்பது நன்றாகத் துடைக்கிறாள்.

சாயங்காலம் வீட்டில் அபி வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

"எங்கடி போற?"

"சித்தி சொல்லித் தரும். நீ கத்துவ."

பெற்ற பெண். இரண்டாம் வகுப்பு. நான் கத்துவேனாம்.

24 ஜூலை

இன்று அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஆய்வகம் எவ்வளவு நிம்மதி!

25 ஜூலை

நிம்மதியாவது ஒன்றாவது. வந்த பிள்ளைகள் எல்லாம் "பவி அக்கா வரலையா? பவி அக்கா எங்க?" நான் ஆறு வருஷமாக மேடம். அவள் ஒரு மாதத்தில் பவி அக்கா. செத்துப் போய்ட்டான்னு சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்திச்சு. சே, என்ன புத்தி இது. காய்ச்சலா கெடக்கிறவளைப் போய்!

வீட்டுக்குப் போனதும் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "உங்க கைக் கஞ்சி ருசியே தனி அக்கா" என்றாள். இப்படிச் சொன்னால் மனுஷி எப்படித்தான் நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

19 ஆகஸ்ட், செவ்வாய்

மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வைத்திலிங்கம் சார் இடத்துக்கு மேனேஜ்மென்ட் ஆள் கேக்குது. உங்க ரெண்டு பேர் பேரையும் அனுப்பப் போறேன். செமஸ்டர் பிராக்டிகல் முடிஞ்சதும் யாருன்னு முடிவு பண்ணுவோம்."

ரெண்டு பேரும்! ஆறு வருஷமும் ரெண்டு மாசமும் ஒரே தராசுல!

வெளியே வந்ததும் பவித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் கெடைக்கும். சும்மா ஃபார்மாலிட்டிக்கு என் பேரப் போட்டிருப்பாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எரிகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

20 ஆகஸ்ட்

இரவு சாப்பாட்டில் மாமியார்: "ரெண்டு மருமவளும் ஒரே எடத்துக்கு நிக்குறாங்கன்னு தெருவே பேசிக்குது. யாருக்குக் கெடச்சா என்னா, நம்ம வூட்டுக்குத்தான் வருது."

குமரவேல் தலையாட்டிக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு மட்டும் எதுவுமே எரியாதா?

"ஏங்க, அவளுக்குக் கெடச்சா?"

"கெடச்சா நல்லதுதானே. தம்பிக்கும் லோன்ல பைக் வாங்கலாம்."

தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

11 செப்டம்பர்

பி.ஜி. பிள்ளைகளுக்கு இன்று கால்வனாமீட்டர் ஊசி நகரவில்லை. நான் ஒயரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பவித்ரா வந்து, "அக்கா, ஜாக்கி முனையில துரு. உப்புத்தாள் போட்டுட்டேன், இப்பப் பாருங்க" என்றாள். நகர்ந்தது. கம்பியைத் தொடும் அந்த முனையை உப்புத்தாளால் தேய்க்க நான்தான் போன வாரம் அவளுக்குக் காட்டினேன். அவள் கேட்டாள், சொன்னேன். ஒருமுறை சொன்னது அப்படியே பிடித்துக்கொள்கிறது அவளுக்கு. எனக்குச் சொன்னது தங்க மூன்று முறை ஆகும்.

மேடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

30 செப்டம்பர், செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

நாளை விடுமுறை என்பதால் ஆய்வகத்தில் இன்றே ஆயுத பூஜை. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கண்ணாடிச் சாமான்கள் அனைத்தும் அலமாரிக்குள் போய்ப் பூட்டுப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் சந்தனக் கிண்ணம் உள்ளே வரும். தராசு, கால்வனாமீட்டர், ஸ்பெக்ட்ரோமீட்டரின் அடிப்பாகம் என்று இரும்பிலும் மரத்திலும் மட்டும் பொட்டு. கண்ணாடிக்குக் கிடையாது. வைத்திலிங்கம் சார் காலத்திலிருந்து இப்படித்தான். நானும் காலையிலேயே பூட்டிவிட்டேன்.

பவித்ரா விடிந்ததும் வந்து வாசலில் ஏழு நிறத்தில் கோலம் போட்டிருந்தாள். ஊதாவில் ஆரம்பித்துச் சிவப்பு வரை, வானவில் வரிசை தப்பாமல். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ரசித்தார். வேதியியல் துறையிலிருந்துகூட வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "இயற்பியல் துறைன்னா இப்படி இருக்கணும். இத்தன வருஷத்துல யாருக்காவது தோணுச்சா?" என்று மேடம் பொதுவாகத்தான் கேட்டார். பொதுவாகக் கேட்டால் என் மேல்தானே விழும். இத்தனை வருஷமும் கோலம் போட்டது நான்.

அந்த எரிச்சலோடு உள்ளே பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தேன். பவித்ரா வந்து, "அக்கா, அலமாரி சாவி?" என்றாள். தாம்பாளம் எடுக்கத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால், இரண்டு கிரேட்டிங் இருக்கும் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்திருக்கிறாள்.

கிரேட்டிங் பார்வைக்குச் சும்மா ஒரு சதுரக் கண்ணாடி. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்கி நெருக்கிப் பதிந்திருக்கும். அவைதான் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிப்பவை. விரல் பட்டாலே போச்சு. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், தூசி விழுந்தால் ரப்பர் பந்தை அமுக்கி ஊத மட்டுமே செய்யலாம். மற்றக் கண்ணாடிகளைத் தினம் துடைக்கிறோமே, இதைத் துடைக்கவே கூடாது. இதை அவளுக்கு நான் சொன்னதில்லை. அவள் கேட்கவில்லை.

ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். சந்தனத்தைத் தொட்டாள். விலை உயர்ந்த சாமான், அதற்கில்லாத பொட்டா என்று நினைத்திருப்பாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மேசை. "ஏய் பவித்ரா" என்றால் போதும். அந்தப் பெயர் தொண்டை வரை வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் பூசணிக்காய்ப் பக்கம் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது இரண்டு கிரேட்டிங்கிலும் நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அழகாக வைத்திருந்தாள்.

அப்புறம் எல்லாரும் சுண்டல் தின்றோம். நானும் தின்றேன்.

1 அக்டோபர், புதன்

வீட்டில் பூஜை. மாமியார் தையல் மெஷினுக்கும், கொழுந்தன் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தார்கள். அபி தன் ஜாமெட்ரி பாக்ஸுக்கு வைத்தாள். எனக்குப் பொரி இறங்கவில்லை.

அவளா எடுத்தா, அவளா வச்சா. நானா கையப் புடிச்சு வைக்கச் சொன்னேன்?

6 அக்டோபர், திங்கள்

மற்றவர்கள் வருவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டி எடுத்தாலும் அடியில் ஒன்றும் இருக்காது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மூன்றாவது கிரேட்டிங் ஒன்று உண்டு. ஓரம் உடைந்த பழசு. பூஜையன்று நான் கழற்ற மறந்து ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரிலேயே மாட்டிக் கிடந்ததால் தப்பித்தது.

8 அக்டோபர், புதன்

இன்று மாதிரித் தேர்வு. காலையில் பவித்ராதான் சந்தனத்தைத் துடைத்துவிட்டு இரண்டு கிரேட்டிங்கையும் மாட்டினாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பச்சைக் கோடும் வரவில்லை, ஊதாக் கோடும் வரவில்லை. டெலஸ்கோப்பைத் திருப்பித் திருப்பி ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் வந்து கிரேட்டிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடுவில் வட்டமாகப் பொட்டுத் தடம்.

"யார் வச்சது இது?"

இந்த நிமிஷத்துக்குத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் காத்திருந்தேன்.

"நான்தான் மேடம்." பவித்ரா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தொடைச்சா போய்டும்னு நெனச்சேன். லென்ஸ் எல்லாம் தொடைக்கிறோமே, அப்படின்னு."

"பி.எஸ்.சி. படிச்ச பொண்ணுதானே நீ? கிரேட்டிங்ல சந்தனம் வைக்கிறதா? எக்ஸாமுக்கு வெளியிலேர்ந்து ஆள் வராங்க, தீபாவளி நேரத்துல நான் புதுசுக்கு எங்க போவேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்பு, நீ எங்க போன? உன் பொறுப்புலதானே இருந்துச்சு அலமாரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அக்கா அப்ப இல்ல மேடம். தண்ணி புடிக்கப் போயிருந்தாங்க. நான்தான் சாவி எடுத்தேன்."

தண்ணி பிடிக்கப் போனேனா நான்? எங்கே போனேன்? அங்கதானே நின்னேன், பூசணிக்காயோட!

மேடம் "ம்" என்றுவிட்டுப் போய்விட்டார். அவள் பாவம், கழற்றிய கிரேட்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள்.

8 அக்டோபர், படுக்கப் போகுமுன்

பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. குள்ளஞ்சாவடியில் அவள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன புடவை கட்டலாம் என்று கேட்டாள்.

பார்த்தாளா, பார்க்கவில்லையா? நான் தண்ணிக்குப் போனதாக நிஜமாகவே நினைக்கிறாளா? இல்லை, தெரிந்தே எனக்குக் குடை பிடித்தாளா? தெரிந்திருந்தால் ஏன்? என் மேல் என்ன அக்கறை அவளுக்கு? கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். அதுதான் பயம்.

17 அக்டோபர், வெள்ளி

பவித்ராவின் பயிற்சி தீபாவளியோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். அவள் கும்பிட்டுவிட்டு வந்து, தன் லேப் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள். "தொவைச்சுதான் அக்கா இருக்கு."

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்படு அன்புக்கரசி, சந்தோஷப்படு.

21 அக்டோபர்

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார். "வந்த வேலையும் தொலச்சிட்டு வந்து நிக்குது. பெரியவளப் பாரு, ஆறு வருஷமா ஒரு சாமான் ஒடச்சதா பேச்சு உண்டா?"

இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறேன். வந்தது. அடுப்படியில் பவித்ரா முறுக்குத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படிதான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தேன். காயாததையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டேன்.

31 அக்டோபர்

செமஸ்டர் பிராக்டிகல் முடிந்தது. ஓரம் உடைந்த அந்த ஒரே கிரேட்டிங்கை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்து விட்டு, மேசைக்கு மேசை ஓடி ஓட்டிவிட்டேன். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் "உங்க டெக்னீஷியன் நல்ல கை" என்று மேடத்திடம் சொன்னாராம்.

இன்னொரு ஜோடிக் கை இருந்திருந்தால் இவ்வளவு ஓட்டம் இல்லை.

1 டிசம்பர், திங்கள்

ஆர்டர் கையில். நிரந்தரம். என் பெயர், அதற்குப் பக்கத்தில் அந்தச் சொல்.

குமரவேல் அதை வாங்கிப் படித்துவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. எரியாத மனுஷன் என்று எழுதியிருக்கிறேன். எரியாமலா இத்தனை வருஷம் காண்ட்ராக்ட்டில் ஓட்டியிருப்பார்?

பவித்ராதான் கேசரி கிண்டினாள். முதல் கரண்டி எனக்கு ஊட்டினாள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள். தின்றேன். பொறாமைக்கு இனி வேலை இல்லையே, ஏன் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை?

7 ஜனவரி 2026, புதன்

டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்து லேபுக்குப் பவித்ரா மனுப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. இன்று மதியம் அங்கிருந்து போன். தலைமையாசிரியை ராஜாம்பாள்.

"பவித்ரா உங்களோடதானே வேல பார்த்தாங்க? உங்க நம்பர்தான் குடுத்திருக்காங்க. ஏதோ விலையுயர்ந்த சாமான் வீணாப்போச்சுன்னு கேள்விப்பட்டோம். கை எப்படி? நம்பி லேப் சாவியக் குடுக்கலாமா?"

மேடத்தின் நம்பரைக் கொடுத்திருக்கலாம். வைத்திலிங்கம் சாருடையதைக் கொடுத்திருக்கலாம். என்னுடையதைக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு வார்த்தை போதும். "கொஞ்சம் அவசரக்காரிங்க" என்றால் அதோடு முடிந்தது. வீட்டில் நிரந்தரம் என்ற சொல்லோடு நான் ஒருத்தி மட்டும் இருப்பேன். அந்த நினைப்பும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"நல்ல கைங்க" என்றேன். "ஒரு தடவ சொன்னா போதும், சாவற வரைக்கும் மறக்காது. ஆனா சொல்லணும்ங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கணும்."

"சொல்லாம விட்டுட்டாங்களா?" என்று கேட்டார் அந்தம்மா.

"ஆமாங்க" என்றேன். யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

20 ஜனவரி

அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் சரியாக இருந்தால் நிரந்தரம். ஒரு வருஷம்! எனக்கு ஆறு. மறுபடியும் எரிகிறது. நான் வாங்கிக் கொடுத்த வேலைக்கு நானே எரிகிறேன், என்னை என்ன செய்வது?

பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டான் கொழுந்தன். அபி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "ரெண்டு மருமவளும் லேபு. யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பன?"

24 ஜனவரி, சனி

சாமான் கட்ட உதவினேன். கொடியில் இருந்த துணிகளை அவளது, எனது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தோம். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அபி பள்ளி நாடகத்துக்குப் போயிருந்தாள்.

"ராஜாம்பாள் மேடம் சொன்னாங்க அக்கா" என்றாள் திடீரென்று. "நீங்க போன்ல சொன்னத."

"என்னத்தச் சொன்னேன்?"

"ஒரு தடவ சொன்னா போதும், ஆனா சொல்லணும்னு."

நான் புடவையின் மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குப் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி திரும்பி உங்களத்தான் பாத்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "தப்புன்னா அக்கா சொல்லுவாங்கன்னு பாத்தேன். நீங்க பேசாம குனிஞ்சிங்க. அப்ப சரிதான்னு வச்சேன்."

அப்புறம் ஒரு நீலச் சுடிதாரைத் தூக்கிக் காட்டி, "இது உங்களுதா, என்னுதா?" என்று கேட்டாள்.

என்னுடையதுதான். "நீயே வச்சுக்க" என்றேன். "வேணாம் அக்கா, எனக்கு லூசா இருக்கும்" என்று மடித்து என் பக்கம் வைத்தாள்.

25 ஜனவரி

போய்விட்டார்கள். வேன் திரும்பும்போது கையை ஆட்டினாள். எல்லாருக்கும் பொதுவாக.

2 பிப்ரவரி, திங்கள்

நேற்று தைப்பூசம். வடலூரில் ஜோதி பார்க்க வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. எப்படியோ முண்டியடித்து, இருவர் எழுந்த இடத்தில் ஜன்னலுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தேன். பவித்ரா என்னோடு பஸ்ஸில் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் உட்கார்ந்ததும் கை தானாகப் பையை எடுத்து ஜன்னலோரச் சீட்டில் வைத்துவிட்டது.

கையில் குழந்தையோடு ஒருத்தி வந்து, "ஆள் வருதாக்கா?" என்று கேட்டாள்.

"வருது" என்றேன்.

அடுத்த நிறுத்தம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நின்றவர்கள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, "எங்கம்மா உன் ஆளு? கைப்புள்ளயோட ஒரு பொம்பள நிக்குது, கண்ணு தெரியலயா?" என்று எல்லாரும் கேட்கக் கத்தினான். நியாயம்தான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் உட்கார்ந்து, குழந்தைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டாள். கல்லூரி வரும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.